‘பாடு’ என்னும் சொல்லும் குவாண்டம் கணினியும்

பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் குப்பங்களில் ‘பாடு’ என்பது ஓர் உரிமையின் பெயர். ஏரியின் எந்த இடத்தில், எந்த முறையில், எவர் வலையிடலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பகிர்ந்துகொள்ளும் மரபு அது. பொதுவளத்தை மக்களே பங்கிட்டுக் காக்க முடியும் என்பதற்குச் சான்றாக வகுப்பறையில் நான் பலமுறை எடுத்துக்காட்டிய ஏற்பாடு. ஆனால், ‘படாத பாடு’ என்னும்போது அதே சொல் துன்பம். ‘நீ பாடு’ என்னும்போது ஏவல். பொருளைத் தீர்மானிப்பவை அண்டை நிற்கும் சொற்களே.

கணினிக்குக் கடினமான இந்தப் பணியில் குவாண்டம் கணினி உதவுமா? சாதாரணக் கணினியின் பிட், 0 அல்லது 1. குவாண்டம் கணினியின் க்யூபிட்டோ, அளக்கும்வரை இரண்டும் கலந்த நிலையில் இருக்கக்கூடியது. 2010-இல் பாப் கூக்கே, மெஹ்ர்னூஷ் சத்ர்சாதே, ஸ்டீபன் கிளார்க் ஆகியோர் சொற்பொருளையும் இலக்கணத்தையும் ஒரே கணிதச் சட்டகத்தில் இணைத்தனர். குவாண்டம் கோட்பாட்டின் கணிதமும் அதே வடிவினது. எனவே, ஒரு வாக்கியத்தையே குவாண்டம் சுற்றாக வரையலாம்: பெயர்ச்சொல் ஒரு க்யூபிட் நிலை, வினைச்சொல், எழுவாயையும் செயப்படுபொருளையும் பிணைக்கும் செயல். இதற்கென ‘லாம்பெக்’ என்னும் மென்பொருள் 2021-இல் வெளியானது.

எதிர்பார்ப்பில் நிதானம் தேவை. தொடக்கச் சோதனை ஒன்றில், சமையலைப் பற்றியவை, கணினியைப் பற்றியவை என 130 சிறு வாக்கியங்கள் பிரிக்கப்பட்டன. சாதாரணக் கணினி நொடியில் முடிக்கும் வேலை அது.

தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ரூ.6,003.65 கோடி அனுமதித்தது. அடிப்படை அறிவியலுக்கான அச்செலவு தேவையானதே. ஆனால், மொழியைப் பொறுத்தவரை நம்மிடம் அரிதாக இருப்பது கணிப்பு வேகம் அன்று, பேச்சுப் பதிவுகள். வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்குப் பெயரிட்டு, ஆந்திர எல்லையில் தெலுங்கும் கலந்து பேசும் மீனவர் வழக்கை ஒருமுறையும் கேளாத இயந்திரம், எத்துணை விரைவாக இயங்கினும் அதைக் கற்க முடியாது. அரிதானதற்கு முதலில் செலவிடுவதே பொருளியலின் பாலபாடம்.

நாளை மீனவர் மனுக்களை இயந்திரமே மொழிபெயர்த்து அதிகாரியிடம் சேர்க்கலாம். ‘எங்கள் பாடு பறிபோகிறது’ என்பதை அது துன்பம் என்று எழுதிவிட்டால், உரிமை கோருபவர் இரக்கத்துக்குரியவராகச் சுருங்கிவிடுவார். உரிமைக்குத் தீர்வு தேடும் அரசு, இரக்கத்துக்கு நிவாரணத்தோடு நின்றுவிடும். ஆகவே, குப்பத்து மக்களின் ஒப்புதலோடு அவர்களுடைய பேச்சைப் பதிவு செய்யும் பணியை நம் கல்லூரிகள் இப்போதே தொடங்க வேண்டும். எந்தக் கணினி வந்தாலும் அந்தச் சேமிப்பு பயன்படும்.