முதுகில் கோடில்லாத அணில்

ஊரில் நாம் பார்த்து வளர்ந்த அணிலின் முதுகில் மூன்று கோடு உண்டு. ராமபிரான் தடவிக் கொடுத்த கதையைக் கேளாத தமிழ்ப் பிள்ளை இல்லை. அஸ்ஸாமிலேயே பிறந்து வளரும் நம் சங்கத்துப் பேரக் குழந்தைகளுக்கு அந்தக் கதையோடு, இங்குள்ள காட்டு அணிலைப் பற்றியும் சொல்லி வைக்கலாம்.

இது கறுப்பு மலையணில். பெயரில்தான் மலை, தாழ்நிலத்து மழைக்காட்டிலும் வாழும். முதுகு, காது, வால் எல்லாம் கறுப்பு. வயிறு வெளிர் மஞ்சள். உடல் ஒரு அடிக்குச் சற்று மேல், வால் அதைவிட நீளம். ஆக மூக்கிலிருந்து வால் நுனி வரை மூன்றடி! எடை சுமார் ஒன்றரைக் கிலோ. முதல் தடவை பார்ப்பவர்கள் குரங்கு என்றுதான் நினைப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டில் 1988-இல் சரணாலயம் அமைத்துக் காப்பாற்றப்படும் சாம்பல் நிற மலையணில் இதற்குப் பங்காளி முறை.

மரியானி பக்கம் நான் பாதைப் பராமரிப்பில் இருந்தபோது, காலை டிராலியில் போகையில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். "கேர்க்கெட்டுவா, சார்!" என்று கேங்மேன் கை காட்டுவார். அணிலுக்கு அஸ்ஸாமியப் பெயர் அது. உயரத்தில், ஹோலோங் மரக் கிளையில், வால் கீழே தொங்க உட்கார்ந்து காய் கொறித்துக்கொண்டிருக்கும். கூடு, தீனி, குட்டி எல்லாமே மரத்தின் மேல்தான். தரைக்கு வருவது அபூர்வம்.

சிக்கலும் அதனால்தான். அந்த ஹோலோங்காபார் காடு சுமார் 21 சதுர கிலோமீட்டர். 1997-இல் சரணாலயம் ஆயிற்று. அதன் நடுவே ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நம் ரயில் பாதை ஓடுகிறது. பிராட் கேஜ் என்றால் தண்டவாளங்களுக்கு இடையே ஐந்தரை அடிதான். ஆனால் ஜல்லி மேடை, வடிகால், கிளை முறிந்து பாதையில் விழாதிருக்க இருபுறமும் விடும் இடம் எல்லாம் சேர்த்துப் பாருங்கள். மலையணில் இருபது அடி வரை தாவும். அதற்கு மேல் முடியாது. வாலில்லாக் குரங்கான ஹூலக் கிப்பன் நிலை இன்னும் மோசம். பாதைக்கு ஒரு பக்கம் சுமார் 150 ஹெக்டேர் துண்டு மட்டும் தனித்துக் கிடக்கிறது. அங்குள்ள குடும்பங்களுக்கு மறுபக்கத்தில் பெண் கொள்ள வழியில்லை.

கிப்பனுக்காக 2015-இல் இரும்புப் பாலம் ஒன்று கட்டப்பட்டது. பயன்படவில்லை. மனிதன் நடக்கும் பாலத்தைப் போல் நினைத்து வடிவமைத்தால் அப்படித்தான் ஆகும் என்பது என் அபிப்பிராயம். வெயிலில் காயும் இரும்பை எந்தப் பிராணி நம்பிப் பிடிக்கும்? டேராடூன் இந்திய வனவுயிர் நிறுவனத்தின் யோசனைப்படி கயிற்றுப் பாலங்கள் அமைப்பதாக வடகிழக்கு எல்லை ரயில்வே 2025-இல் அறிவித்தது. கயிறு சரியான வழி. கூடவே இருபுறமும் மரம் வளர்த்துக் கிளைகளை மேலே கைகோக்க விட வேண்டும். அதற்குப் பல வருஷம் பிடிக்கும். மின்சாரக் கம்பியும் 25,000 வோல்ட்டுடன் குறுக்கே வரும்போது, எந்தக் கிளையை வெட்டுவது, எதை விடுவது என்பதை வனத்துறையும் ரயில்வேயும் சேர்ந்து பாதையில் நடந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பார்க்க விரும்பும் அன்பர்கள் மரியானி ஜங்ஷனில் இறங்கினால் காடு பக்கத்தில்தான். குளிர்காலம் நல்லது, மழைக்காலத்தில் அட்டை அதிகம். விடிந்த கையோடு போய், பேசாமல் அண்ணாந்து பாருங்கள்.