வளைகோலும் மனவலிமையும்

மாலை மணி ஐந்து. செமினியில் ஒரு பள்ளித் திடலில் மாணவிகள் சிலர் ஹாக்கிப் பயிற்சியில் ஈடுபட்டுள்ளனர் என வைத்துக்கொள்வோம். அடுத்த வாரம் உலு லங்காட் மாவட்ட அளவிலான போட்டி. கோல்காவலராக நிற்கும் மாணவிக்குக் கணுக்கால் வலித்தால், அவள் உடனே பயிற்றுநரிடம் கூறுவாள். பனிக்கட்டி ஒத்தடமும் ஓய்வும் கிடைக்கும். ஆனால், சென்ற ஆட்டத்தில் தவறவிட்ட பந்தை எண்ணி எண்ணி மூன்று இரவுகளாக உறக்கம் வரவில்லை என்பதை அவள் யாரிடம் கூறுவாள்? பெரும்பாலும் யாரிடமும் கூறமாட்டாள். விளையாட்டாளர் மனம் கலங்கக்கூடாது என்ற எண்ணம் அவளது வாயைக் கட்டிப்போடுகிறது. அந்த எண்ணம் சரிதானா? புகழ்பெற்ற ஹாக்கி வீராங்கனைகளின் அனுபவம் இதற்கு விடை தருகிறது.

வளைகோற்பந்து எனவும் அழைக்கப்படும் ஹாக்கி, மலேசியர்களுக்குப் புதிய விளையாட்டன்று. 1998ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்ற காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில்தான் ஹாக்கி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஆண்கள், பெண்கள் ஆகிய இரு பிரிவுகளும் அதில் இடம்பெற்றன. ஆயினும், உலக அரங்கில் பெண்கள் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆண்கள் ஹாக்கி 1908ஆம் ஆண்டிலேயே ஒலிம்பிக்கில் நுழைந்துவிட்டது. பெண்கள் ஹாக்கிக்கோ 1980ஆம் ஆண்டில்தான் அவ்வாய்ப்புக் கிட்டியது. நம் நாட்டுப் பெண்கள் அணி இன்னும் ஒலிம்பிக்கில் ஆடியதில்லை. ஆகவே, இளம் மாணவிகள் முன்மாதிரிகளைத் தேடும்போது அவர்களின் பார்வை அண்டை நாடுகளின் பக்கமும் செல்கிறது.

அத்தகைய முன்மாதிரிகளுள் ஒருவர் இந்தியாவின் ராணி ராம்பால். இவர் ஹரியானா மாநிலத்தின் ஷாஹாபாத் எனும் ஊரில் பிறந்தவர். தந்தையார் வண்டி இழுத்துப் பிழைத்தவர். மகளுக்கு ஹாக்கி மட்டை வாங்கித்தர அவரது வருமானம் இடம்கொடுக்கவில்லை. உடைந்த மட்டை ஒன்றைக் கண்டெடுத்து, அதைக்கொண்டே ஆடத் தொடங்கியதாக ராணி பின்னாளில் கூறியுள்ளார். பெண்பிள்ளை குட்டைப் பாவாடை அணிந்து திடலில் ஓடுவதா என உறவினர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அந்த எதிர்ப்பைத் தாண்டி வந்த ராணி, தமது 15ஆம் வயதில், 2010ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் இந்தியாவைப் பிரதிநிதித்தார். 2020ஆம் ஆண்டு தோக்கியோ ஒலிம்பிக்கில் அணித்தலைவராகவும் களமிறங்கினார். கோவிட்-19 பெருந்தொற்றால் அப்போட்டி 2021ஆம் ஆண்டிலேயே நடைபெற்றது.

தோக்கியோவில் இந்தியப் பெண்கள் அணி முதல் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி கண்டது. இனி எழ முடியாது எனப் பலரும் நினைத்தனர். ஆனால், அயர்லாந்தையும் தென்னாப்பிரிக்காவையும் வென்று காலிறுதிக்குள் நுழைந்த அவ்வணி, அங்கு ஆஸ்திரேலியாவை 1-0 எனும் கோல் கணக்கில் தோற்கடித்தது. இந்தியப் பெண்கள் ஒலிம்பிக் அரையிறுதிக்குச் சென்றது அதுவே முதன்முறை. அந்த அரையிறுதியில் அர்ஜெண்டினாவிடம் 2-1 எனத் தோற்றனர். தோல்வியின் வலி ஆறுவதற்குள் இன்னொரு வலி சேர்ந்தது. அணியின் தாக்குதல் ஆட்டக்காரரான வந்தனா கட்டாரியாவின் வீட்டின்முன் சிலர் பட்டாசு வெடித்து, அவருடைய குடும்பத்தினரைச் சாதியின் பெயரால் இழிவுபடுத்தியதாகக் காவல் துறையில் புகார் செய்யப்பட்டது. இரண்டே நாளில், அதாவது ஆகஸ்டு 6ஆம் நாள், வெண்கலப் பதக்கத்திற்கான ஆட்டம். வந்தனா களமிறங்கி ஒரு கோலும் அடித்தார். எனினும், பிரிட்டன் 4-3 என வென்றது. ஆட்டம் முடிந்ததும் இந்திய வீராங்கனைகள் திடலிலேயே அழுதனர். உலகமே அதனைத் தொலைக்காட்சியில் கண்டது.

அன்று எதிரணியின் கோல்கம்பத்தைக் காத்து நின்றவர் மேடி ஹிஞ்ச். அவரது கதையும் நாம் அறிய வேண்டியதே. 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக் இறுதியாட்டம் 3-3 எனச் சமநிலையில் முடிந்தது. வெற்றியாளரை முடிவுசெய்ய நடந்த நேருக்கு நேர் மோதலில், நெதர்லாந்தின் நான்கு முயற்சிகளையும் ஹிஞ்ச் தடுத்து நிறுத்தினார். பிரிட்டன் தங்கம் வென்றது. குன்றின்மேல் இட்ட விளக்கைப் போல அவரது புகழ் ஓங்கியது. புகழோடு எதிர்பார்ப்பும் வளர்ந்தது. ஒவ்வோர் ஆட்டத்திலும் அதே அற்புதத்தை நிகழ்த்த வேண்டும் என்ற சுமை அவரை அழுத்தியது. 2018ஆம் ஆண்டில் அவர் அனைத்துலக ஆட்டங்களிலிருந்து ஓய்வெடுத்துக்கொண்டார். தம் மனநிலையைப் பற்றி வெளிப்படையாகவும் பேசினார். மறுஆண்டு அணிக்குத் திரும்பினார். தோக்கியோ காலிறுதியில் ஸ்பெயினுக்கு எதிரான நேருக்கு நேர் மோதலில் மீண்டும் நான்கு முயற்சிகளையும் தடுத்தார். ஓய்வு அவரது திறனைக் குறைத்துவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மன அழுத்தம் உடலையும் பாதிக்கிறது. அச்சமோ பதற்றமோ ஏற்படும்போது உடல் அட்ரினலின், கார்ட்டிசோல் போன்ற சுரப்பிநீர்களை வெளியிடுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, தசைகள் இறுகுகின்றன. சிறிது நேரம் நீடிக்கும் இந்நிலை ஆட்டக்காரரை விழிப்பாக வைத்திருக்கும். ஆனால், அது நாள்கணக்கில் தொடருமானால் உறக்கம் கெடும், கவனம் சிதறும், விரும்பி ஆடிய விளையாட்டே வெறுத்துப்போகும். கோல்காவலரின் நிலை இன்னும் கடினமானது. தாக்குதல் ஆட்டக்காரர் பத்து வாய்ப்புகளைத் தவறவிட்டாலும் ஒரு கோல் அடித்தால் பாராட்டப்படுவார். கோல்காவலரோ பத்துப் பந்துகளைத் தடுத்து ஒன்றைத் தவறவிட்டால், அந்த ஒன்றே பேசப்படும். மனநலத்தை உடல்நலத்திலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையும் வலியுறுத்துகிறது.

நம் சூழலில் பெண்பிள்ளைகளுக்கு வேறு சில சுமைகளும் உள்ளன. தேர்வு நெருங்கினால் முதலில் நிறுத்தப்படுவது விளையாட்டுப் பயிற்சிதான். வெயிலில் கறுத்துவிடுவாய், கால்சட்டை அணிந்து ஓடாதே, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடு எனும் அறிவுரைகள் பலருக்கும் பழக்கமானவை. இவற்றையெல்லாம் தாண்டித் திடலுக்கு வரும் மாணவி, தோல்வியடைந்தால் இரட்டிப்பு வேதனை அடைகிறாள். தோற்றுவிட்டால் வீட்டில் இனி அனுப்பமாட்டார்களோ எனும் அச்சம் அவளை வாட்டுகிறது. இதை உணர்ந்து பேசும் பெற்றோரும் ஆசிரியரும் அவளுக்குப் பெரும் துணையாவர். "எத்தனை கோல்?" எனக் கேட்பதற்குமுன் "விளையாட்டு எப்படி இருந்தது?" எனக் கேட்டாலே அவளது பாரம் சற்றுக் குறையும்.

மாணவர்களும் சில நல்ல பழக்கங்களைப் பின்பற்றலாம். ஆட்டத்திற்கு முந்தைய இரவு போதிய அளவு உறங்க வேண்டும். பதற்றம் மிகும்போது மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக வெளியேவிட வேண்டும். தோல்விக்குப்பின் சமூக ஊடகங்களில் வரும் கருத்துகளை உடனே படிப்பதைத் தவிர்ப்பது நலம். இரண்டு வாரங்களுக்கு மேலாகச் சோர்வு, உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை நீடித்தால், பள்ளி ஆலோசக ஆசிரியரையோ மருத்துவரையோ அணுக வேண்டும். 15999 எனும் தாலியான் காசே எண்ணையும் தொடர்புகொள்ளலாம். அணித்தோழி ஒருத்தி திடீரென ஒதுங்கியிருந்தால், அவளைக் கேலி செய்யாமல் அருகில் அமர்ந்து அவள் பேசுவதைச் செவிமடுப்பதும் நமது கடமையாகும்.

முன்மாதிரி என்பவர் ஒருபோதும் வீழாதவர் என நாம் எண்ணுகிறோம். ஆனால், ராணியின் அணி மூன்று முறை வீழ்ந்து எழுந்தது. தோற்றபோது மறைக்காமல் அழுதது. ஹிஞ்ச் தம்மால் முடியவில்லை எனக் கூறி ஓய்வெடுத்தார். பிறகு திரும்பி வந்தார். பதக்கம் பெற்றவரும் பெறாதவரும் ஒரே உண்மையைத்தான் நமக்கு உணர்த்துகின்றனர். துன்பத்தை ஒப்புக்கொள்வதும் உதவி கேட்பதும் கோழைத்தனமல்ல. அவையும் மனவலிமையின் அடையாளமே. செமினித் திடலில் கோல்கம்பத்தின்முன் நிற்கும் அம்மாணவி, கால்வலியைக் கூறுவதுபோலவே மனவலியையும் தயங்காமல் கூறும் நாள் வரவேண்டும். அதற்கு அவளது தைரியம் மட்டும் போதாது. பொறுமையுடன் கேட்கும் செவிகளும் வேண்டும்.