கணக்கை விடலாமா?



மே மாதம் பிறந்துவிட்டால் நம் சங்கத்து வீடுகளில் ஒரே பேச்சுதான். பத்தாம் வகுப்பு ரிசல்ட் என்ன? அடுத்து எந்த குரூப்? கோயிலில் பார்த்தாலும் கல்யாண வீட்டில் பார்த்தாலும் இதே கேள்வி. பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. நானும் அப்படி நாலு பேர் சொன்னதைக் கேட்டு ஒரு தடவை தவறு செய்தவன். இரண்டாம் தடவை கொஞ்சம் யோசித்து நடந்தேன். அந்த இரண்டு அனுபவங்களையும் எழுதினால் யாராவது ஒரு குடும்பத்துக்குப் பயன்படலாம் என்ற எண்ணத்தில்தான் இந்தக் கட்டுரை.

என் சொந்த ஊர் குளச்சல் பக்கம். 1992-ல் ப்ளஸ் டூ முடித்தேன். 1994-ல் தோப்பும்படிக்கு வந்து, மீன்பிடித் துறைமுகத்தில் ஏலத் தரகர் ஒருவரிடம் கணக்கு எழுத ஆரம்பித்தேன். இன்றும் அதே வேலைதான். விடியுமுன் ஏலம் தொடங்கிவிடும். பத்து மணிக்குள் பாதி நாள் முடிந்துவிடும். பிள்ளைகளின் படிப்பைப் பார்த்துக்கொண்டது பெரும்பாலும் என் மனைவிதான். ஆனால் குரூப் எடுப்பது போன்ற ‘பெரிய’ முடிவுகளை மட்டும் நான் எடுத்தேன். அங்கேதான் வினை.

மூத்தவனுக்கு மூடிய கதவு

மகன் 2015-ல் பத்தாம் வகுப்பு தேறினான். கணக்கில் சுமார், மற்றவற்றில் நல்ல கிரேடு. “கணக்கு எடுத்தால் மொத்த மார்க் இறங்கிவிடும். கணக்கு இல்லாத சயன்ஸ் எடுங்கள். எல்லாவற்றிலும் ஏ ப்ளஸ் வாங்கலாம்” என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. இயற்பியல், வேதியியல், உயிரியல், அதோடு மனோதத்துவம் என்று ஒரு பிரிவில் சேர்த்துவிட்டேன். அவனிடம் கேட்டேனா என்றால், கேட்டேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் சொன்னேன், அவ்வளவுதான்.

சொன்னபடியே 2017-ல் நல்ல மார்க் வாங்கினான். அதற்குப் பிறகுதான் அவன் மனதில் இருந்தது வெளியே வந்தது. பாலத்தின் மேல் நின்று துறைமுகத்துக்குள் வரும் கப்பல்களைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவன். மரைன் என்ஜினீயரிங் படிக்க வேண்டும் என்றான். விசாரித்தேன். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்துக்குக் கொச்சியிலேயே வளாகம் இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஆனால் ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் படித்திருக்க வேண்டும். கணிதம் இல்லை என்றால் விண்ணப்பமே போட முடியாது.

“அப்பா, அந்த ஒரு பாடத்தை நான் படிச்சிருப்பேனே” என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவன் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. விலங்கியல் பட்டம் முடித்து, மீன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் தரப் பரிசோதனைக் கூடத்தில் மரியாதையான வேலையில் இருக்கிறான். இருந்தாலும் ஒரு கதவை அவன் மூடவில்லை, நான் மூடினேன் என்பது என் மனதில் தங்கிவிட்டது.

இளையவள் முறை

மகள் 2022-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தாள். மற்ற பாடங்களில் ஏ ப்ளஸ், கணக்கில் மட்டும் பி ப்ளஸ். கதை திரும்பவும் அதே இடத்தில் வந்து நின்றது. அவளோ உயிரியல், கணிதம் இரண்டும் உள்ள பிரிவுதான் வேண்டும் என்றாள்.

“மக்களே, ரெண்டு சுமையும் சேர்த்துத் தூக்க முடியுமா?” என்று கேட்டேன்.

“தூக்கிப் பார்த்தால்தானே தெரியும் அப்பா” என்றாள்.

இந்தத் தடவை நான் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற கணித மாஷ் ஒருவர் இருக்கிறார். அவரிடம் அழைத்துப் போனேன். அவர் சொன்ன யோசனை எளிமையானது. “ரிசல்ட் வர இன்னும் நாள் இருக்கிறது. ப்ளஸ் ஒன் கணிதப் புத்தகத்தை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். முதல் மூன்று பாடங்களை அவளே படிக்கட்டும். தினம் ஒரு மணி நேரம், ட்யூஷன் வேண்டாம். ஒரு மாதம் கழித்து அவள் எத்தனை கணக்குப் போட்டாள் என்று பார்க்காதீர்கள். வராத கணக்கின் முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறாள் என்று பாருங்கள்.”

கணங்கள், சார்புகள், திரிகோணமிதி என்று அந்த மூன்று பாடங்களோடு மே மாதம் போயிற்று. திரிகோணமிதியில் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் திரும்பவும் போய் உட்கார்ந்தாள். எனக்கு அது போதும் என்று தோன்றியது.

எந்தக் கதவுக்கு எந்தச் சாவி?

இதற்கிடையில் ஒரு நோட்டில் நான் குறித்து வைத்தவற்றை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்துக் கணக்குப்பிள்ளைக்குப் பேரேடு போடாமல் தூக்கம் வராது!

மருத்துவத்துக்கு நீட். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலிருந்தும் மொத்தம் 720 மதிப்பெண். கணிதம் தேவையில்லை. கேரளத்தில் விவசாயம், கால்நடை மருத்துவம், மீன்வளம் ஆகிய பட்டப்படிப்புகளுக்கும் நீட் தரவரிசைதான் பார்க்கிறார்கள். பி.எஸ்ஸி. நர்சிங்குக்கு இங்கே ப்ளஸ் டூவில் வாங்கிய மதிப்பெண்.

பொறியியலுக்குக் கேரளத்தில் ‘கீம்’ நுழைவுத் தேர்வு. 2024 முதல் கம்ப்யூட்டரில் எழுதுகிறார்கள். 150 கேள்விகளில் 75 கணிதம், 45 இயற்பியல், 30 வேதியியல். ஆக, சரிபாதி கணிதம். தரவரிசையில் ப்ளஸ் டூ மதிப்பெண்ணும் சேர்கிறது. அதனால் பள்ளிப் பாடத்தைக் கைவிட்டுவிட்டு கோச்சிங்கை மட்டும் நம்புவது கைப்பிடி இல்லாத குடை மாதிரி.

தமிழ்நாட்டில் பொறியியலுக்கு 2007 முதல் நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட் ஆஃப். பிற மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களின் மதிப்பெண்ணைச் சமன் செய்து எடுத்துக்கொள்கிறார்கள். ‘ஊரில் போய்ப் படிக்கட்டும்’ என்று நினைக்கும் நம்மவர்கள் இருப்பிடச் சான்றிதழை முன்கூட்டியே தயார் செய்துகொள்வது அவசியம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவிகித ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். இங்கே அரசுப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகளுக்கு அது கிடையாது. அதே போலக் கேரளத்தைப் பூர்வீகமாகக் கொள்ளாதவர்களுக்கு ‘கீம்’ கையேட்டில் தனி விதிகள் உள்ளன. அந்தப் பக்கத்தை ஒருமுறை கண்ணால் படித்துவிடுங்கள். இரண்டு ஊரிலும் இருக்கிறோம் என்ற நினைப்பில் இரண்டு ஊரிலும் இல்லாமல் போய்விடக் கூடாது.

வணிகப் பிரிவுக்காரர்களும் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். காமர்ஸில் நான்காவது பாடமாகக் கணிதம், புள்ளியியல், கம்ப்யூட்டர் என்று பல தேர்வுகள் உண்டு. புள்ளியியலோ பொருளாதாரமோ மேலே படிக்க நினைக்கும் பிள்ளைக்குக் கணிதம் கைகொடுக்கும். சி.பி.எஸ்.இ.யில் 2020 முதல் ‘அப்ளைடு மேத்தமேட்டிக்ஸ்’ என்று ஒன்று உண்டு. அது வணிகம், சமூக அறிவியல் பக்கம் போகிறவர்களை எண்ணி வைத்தது. பொறியியல் ஆசை இருந்தால் வழக்கமான கணிதத்தைத்தான் எடுக்க வேண்டும்.

ஏகஜாலகமும் எங்கள் வரிசையும்

கேரளத்தில் ப்ளஸ் ஒன் சேர்க்கை ‘ஏகஜாலகம்’ என்ற ஒற்றைச் சாளர முறையில் நடக்கிறது. பள்ளியும் பாடப்பிரிவும் சேர்ந்ததுதான் ஒரு விருப்பம். ஒரே பள்ளியில் இரண்டு பிரிவு கேட்டால் அது இரண்டு விருப்பமாகும். முதல் விருப்பமே கிடைத்துவிட்டால் நிரந்தரமாகச் சேர்ந்தாக வேண்டும். கீழே உள்ள விருப்பம் கிடைத்தால் தற்காலிகமாகச் சேர்ந்துவிட்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கலாம். அப்படியும் சேராமல் இருந்துவிட்டால் வரிசையிலிருந்தே வெளியே போய்விடுவோம். பலர் ‘வீட்டுக்குப் பக்கம்’ என்ற ஒரே காரணத்தால் வேண்டாத பிரிவை மேலே எழுதி, அது கிடைத்த பிறகு கண் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை படிக்கப்போவது பாடத்தை என்பதை மறக்க வேண்டாம்.

மகளுக்கு முதலில் மூன்றாவது விருப்பமான கம்ப்யூட்டர் பிரிவு கிடைத்தது. தற்காலிகமாகச் சேர்ந்தாள். அடுத்த அலாட்மெண்டில் கேட்ட பிரிவே வந்தது. பாலம் தாண்டி எறணாகுளம் போக வேண்டும். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். போகட்டும் என்றோம்.

ஓணம் கழிந்து, கிறிஸ்துமஸ் தேர்வும் கழிந்தது. கணிதத்தில் பாதி மதிப்பெண்கூட வரவில்லை. என் மைத்துனர் வந்திருந்தார். “நான் அப்பவே சொன்னேன்லா மச்சான்” என்று ஆரம்பித்தார். அன்று இரவு மகள் சாப்பிடவில்லை. “மாத்திடலாமா அப்பா?” என்று கேட்டாள். கேட்டபடி மாற்றிக் கொடுத்துவிடலாமா என்று என் வாய்வரை வந்தது. மனைவிதான் தடுத்தாள். “எங்க நேரம் போகுதுன்னு முதல்ல கணக்குப் போடுங்க. நீங்க கணக்குப்பிள்ளைதானே?” என்றாள்.

போட்டுப் பார்த்தோம். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். சனி, ஞாயிறு முழுக்க நுழைவுத் தேர்வு கோச்சிங். அங்கே ப்ளஸ் டூ பாடம் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளியிலோ ப்ளஸ் ஒன் பாடமே அவளுக்கு நிற்கவில்லை. தவறு கணிதத்தில் இல்லை, அடுக்கி வைத்த சுமையில் இருந்தது. கோச்சிங்கை நிறுத்தினோம். கட்டிய பணம் திரும்ப வரவில்லை. வாரம் இரண்டு நாள் மாஷிடம், மற்ற நாள் வீட்டில் ஒரு மணி நேரம்.

வீட்டில் அந்த ஒரு மணி நேரம் அவளோடு உட்கார்ந்தது யார் தெரியுமா? மூத்தவன்தான். வேலை முடிந்து வந்து, தான் படிக்காத புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வான். சொல்லிக்கொடுக்க அவனுக்குத் தெரியாது. அவள் போட்ட விடையைப் பின்பக்கத்து விடையோடு ஒப்பிட்டுச் சரியா தவறா என்று மட்டும் சொல்வான். சில மாதங்களில் ‘இந்த வரியில்தான் தப்பு’ என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டான். அடுப்படியில் நின்று நானும் மனைவியும் பார்த்துக்கொண்டிருப்போம். ஒன்றும் பேச மாட்டோம்.

இன்னொரு விஷயம். இங்கே ப்ளஸ் ஒன் மதிப்பெண்ணும் ப்ளஸ் டூவோடு சேர்கிறது. பாடத்துக்கு 200, ஆறு பாடத்துக்கு 1200. ஆகவே முதல் வருடம் விளையாட்டு, இரண்டாம் வருடம் படிப்பு என்பது இங்கே எடுபடாது. முதல் வருடத்தில் சறுக்கியவர்கள் மூன்று பாடம் வரை ‘இம்ப்ரூவ்மெண்ட்’ எழுதலாம். மகள் கணிதத்தை அப்படி எழுதி உயர்த்திக்கொண்டாள்.

முடிவு

2024-ல் ப்ளஸ் டூ முடித்தாள். கணிதத்தில் ஏ ப்ளஸ் இல்லை, ஏ தான். ‘கீம்’ பட்டியலில் பெயர் வந்தது. நர்சிங் பட்டியலிலும் பெயர் வந்தது. இரண்டையும் முன்னால் வைத்து ஒரு வாரம் யோசித்தாள். நானும் ஒரு வாரம் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் நர்சிங் என்றாள்.

மைத்துனர் சும்மா இருப்பாரா? “நர்சிங்குக்குக் கணக்கு எதுக்கு? ரெண்டு வருஷம் பிள்ளையைப் போட்டு வதைச்சதுதான் மிச்சம்” என்றார். என்னிடம் அப்போது பதில் இல்லை. பிறகு யோசித்தேன். மூத்தவனுக்குக் கதவு மூடியது அவனுக்குத் தெரியாமல். இளையவள் இரண்டு கதவையும் திறந்து பார்த்துவிட்டு, தன் கையால் ஒன்றைச் சாத்தினாள். எனக்கு அந்த வித்தியாசம் போதும்.

கடினமான பாடம் எல்லாப் பிள்ளைக்கும் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வரைவதிலும் எழுதுவதிலும் மனம் உள்ள பிள்ளையை இயற்பியலில் கட்டிப்போடுவது பாவம். விரலுக்குத் தக்க வீக்கம்தான் நல்லது. ஆனால் மார்க் குறையும் என்ற பயத்தால் மட்டும் ஒரு பாடத்தை விடாதீர்கள். ஒரு மாதம் புத்தகத்தைக் கையில் கொடுத்துப் பாருங்கள். பிறகு பிள்ளையைக் கேளுங்கள். கேட்பது என்றால், நாம் வாயை மூடிக்கொண்டு கேட்பது.

இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு முடிக்கும் நம் சங்கத்துச் செல்வங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த வாழ்த்துகள். யாருக்காவது அந்த நோட்டு வேண்டுமானால் சங்கத்தில் சொல்லி அனுப்புங்கள், தருகிறேன். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே அந்தந்த ஆண்டுக் கையேட்டோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.