சுவருக்குள் மின்சாரம் – 9: எந்த மெயின், எந்த லைன்?

சோளிங்கரில் மலைக்கோயிலுக்கு வருகிறவர்களை நம்பிய விடுதியானாலும், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் மாடி வீடானாலும், கட்டடம் பெரும்பாலும் ஒரே மூச்சில் எழுவதில்லை. கீழ்த்தளத்துக்கு ஒரு வயர்மேன், பத்து வருடம் கழித்து மாடிக்கு இன்னொருவர். 2016 மே மாதம் முதல் வீட்டு இணைப்புக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றானபின், போர்ஷனுக்கு ஒரு மீட்டர் வைப்பதில் லாபமும் சேர்ந்தது. இப்படி வளர்ந்த கட்டடத்தில் ஓர் அறையின் விளக்கு ஒரு மீட்டரிலும் அதன் பிளக் பாயிண்ட் மற்றொன்றிலும் இருக்கக்கூடும். "மெயினை அணைத்தாச்சு" என்றால் எந்த மெயின் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இன்வெர்ட்டர் இருந்தால், எல்லா மெயினையும் அணைத்த பிறகும் சில கம்பிகளில் 230 வோல்ட் இருக்கும். இத்தகைய கட்டடத்தில் பழுது பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை, எந்த லைன் எங்கே போகிறது என்று கண்டுபிடித்து எழுதி வைப்பதுதான். டிரேசர் என்ற கருவிக்கு அங்கேதான் இடம்.

கருவி இரண்டு துண்டு. ஒன்றைப் பிளக் பாயிண்டில் செருகினால், அது அந்தக் கம்பியில் தனக்கே உரிய ஒரு சிக்னலை அனுப்பும். மற்றொன்றை டிபி என்ற மின்பகிர்வுப் பெட்டியில் எம்.சி.பி. (லைனுக்கு ஒன்றாக உள்ள பாதுகாப்பு ஸ்விட்ச்) வரிசை மீது நகர்த்தினால், சிக்னல் வலுவாக உள்ள இடத்தில் ஒலிக்கும். சுவரை உடைக்க வேண்டாம், எதையும் அணைக்கவும் வேண்டாம்.

ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் போதாதா, காசு எதற்கு என்பார்கள். எட்டு எம்.சி.பி. உள்ள வீட்டுக்கு அது போதும். ஓர் ஆளும் ஒரு பல்பும் இருந்தால் ஒரு மணி நேர வேலை. ஆனால் தோல் பதனிடும் டிரம் சுழன்றுகொண்டிருக்கும் கூடத்தில் சோதனைக்காக லைனை அணைக்க முடியாது. நடுவில் நின்றால் ரசாயனம் தோலில் சீராக ஏறாது. கருவி ஏமாற்றும் என்ற மறுப்பு இதைவிட வலுவானது. ஒரே பைப்பில் நெருக்கமாக ஓடும் கம்பிகளில் சிக்னல் தொற்றும், பக்கத்து எம்.சி.பி.யும் ஒலிக்கும். இரும்புப் பைப்பு சிக்னலை மறைத்துவிடும். பேஸும் நியூட்ரலும் சேர்ந்து ஓடினால், எதிரெதிர் மின்னோட்டங்களின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று தணித்துவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் உணர்திறனைக் குறைத்து இரண்டாம் முறை தேடுகிறார்கள். லைன் போகும் வழியைத் தேடும்போது, திரும்பும் பாதையைத் தனிக் கம்பியில் விலக்கிக் கொடுக்கிறார்கள். இரண்டு லைன்கள் ஒரே நியூட்ரலைப் பகிர்ந்திருந்தால் முடிவு குழம்பும். அந்தக் குழப்பமே வயரிங் தவறு என்பதற்குத் தடயம்.

ஆக, டிரேசர் தருவது சாட்சியம் மட்டுமே. அது காட்டிய எம்.சி.பி.யை அணைத்து, கைவைக்கும் இடத்தில் மின்சாரம் இல்லை என்று மல்டிமீட்டர் வைத்து உறுதி செய்த பிறகே கம்பியைத் தொட வேண்டும். துணைமின் நிலையத்திலும் ஜங்ஷன் பாக்ஸிலும் சுற்றுகளை நிலையான அடையாளத்தால் பிரித்தறியும்படி வைக்க வேண்டும் என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள். அதே ஒழுங்கு வீட்டு டிபிக்கும் வேண்டும். டிரேசர் வைத்துத் தேடியவர் கதவின் உட்புறம் பட்டியல் ஒட்டாமல் போனால், அடுத்து வரும் வயர்மேன் முதலிலிருந்து தொடங்குவார். கூலியும் இரண்டாம் முறை கொடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பட்டியலில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.