பரண் மேல் ஒரு மந்திரக்கல்: பழைய கதைப் புத்தகங்களை ஏன் நம்மால் தூக்கிப்போட முடிவதில்லை?

வீடு மாற்றியவர்களுக்குத் தெரியும். பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாம் அரை நாளில் வண்டி ஏறிவிடும். பரணிலிருந்து இறங்கும் அட்டைப்பெட்டிகள்தான் நம்மை உட்கார வைத்துவிடும். 'இதைப் போட்டுடலாமா?' என்று யாராவது கேட்டதும், பத்து வருஷமாகக் கையே படாத ஒரு பொருள் திடீரென்று விலைமதிப்பற்றதாக மாறும். ஏழாம் வகுப்பு ஆட்டோகிராஃப் நோட்டு, ஓடாத வாட்ச், குழந்தை போட்ட முதல் சட்டை... உங்கள் வீட்டுப் பட்டியல் உங்களுக்கே தெரியும். எங்கள் வீட்டில் அது புத்தகம். அதிலும் மாயாஜாலக் கதைப் புத்தகங்கள்.

தாத்தா போன பிறகு திருச்சி வீட்டைக் காலி செய்து பாட்டியைச் சென்னைக்கு அழைத்து வந்தோம். இங்கே இருப்பது இரண்டு பெட்ரூம் ஃபிளாட். கூடவே நான்கு பெட்டிப் புத்தகங்களும் வந்தன. அம்மாவின் கணக்கு ரொம்ப எளிமையானது. ஒரு பெட்டிக்குத்தான் இடம், மூன்று போக வேண்டும். எதை வைப்பது, எதை விடுவது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு, 'நீதானே பத்திரிகையில இருக்க' என்ற ஒரே காரணத்தால் என் தலையில் விழுந்தது.

கையில் இருந்தால் விலை கூடும்!

நம்முடைய பொருள் என்றாலே ஏன் இவ்வளவு பாசம்? 1990-ல் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வகுப்பில் ஒரு பகுதி மாணவர்களுக்கு ஆளுக்கொரு காபி மக் கொடுத்தார்கள். வைத்திருப்பவர்களிடம் 'எவ்வளவுக்கு விற்பீர்கள்?' என்றும், இல்லாதவர்களிடம் 'எவ்வளவு கொடுத்து வாங்குவீர்கள்?' என்றும் கேட்டார்கள். விற்பவர்கள் சுமார் 7 டாலர் எதிர்பார்த்தார்கள். வாங்குபவர்கள் 3 டாலருக்குக்கூடத் தயாராக இல்லை. மக் கைக்கு வந்து சில நிமிடங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கே இந்த மவுசு என்றால், பதினைந்து வருஷம் தலைமாட்டில் கிடந்த புத்தகத்துக்கு எவ்வளவு இருக்கும்! (கானமனுக்கு 2002-லும் தேலருக்கு 2017-லும் பொருளாதார நோபல் கிடைத்தது.)

ஆனால், இது மட்டும் காரணம் என்றால் ஏழு ஹாரி பாட்டர் புத்தகங்களும் எனக்கு ஒரே மாதிரி இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. ஆறைக் கொடுத்துவிட மனசு வந்தது. ஐந்தாம் பாகத்தில் மட்டும் தடுக்கியது.

இத்தனைக்கும் அதுதான் இருப்பதிலேயே மோசமான பிரதி. தாத்தா சென்னைக்கு வந்தபோது நடைபாதைக் கடையில் வாங்கிய திருட்டுப் பதிப்பு. நடுவில் ஏறத்தாழ முப்பது பக்கங்கள் தலைகீழாகத் தைக்கப்பட்டிருக்கும். அந்த இடம் வந்ததும் புத்தகத்தைத் திருப்பிப் பிடித்துப் படிக்க வேண்டும். நானும் அக்காவும் ஒரே புத்தகத்தை இரு பக்கமும் உட்கார்ந்து படிப்போம். தலைகீழ்ப் பக்கங்கள் வந்தால் இருவரும் இடம் மாறிக்கொள்வோம். பிறகு கல்லூரி நூலகத்தில் ஒழுங்கான பிரதி கிடைத்தபோது, அதே அத்தியாயம் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது.

கதை வேறு, பிரதி வேறு என்று எனக்குப் புரிய வைத்தது அந்த முப்பது பக்கங்கள்தான். ஹாரி பாட்டர் கதை எங்கேயும் போய்விடாது. 1997-ல் முதல் பாகம் வந்ததிலிருந்து உலகம் முழுக்க 50 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. நாளைக்கே வேண்டுமென்றாலும் போனில் வாங்கலாம். ஆனால் அந்தத் தலைகீழ்ப் பக்கங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

மறுபடி படித்தால் வேறு கதை

போடுவதா, வைப்பதா என்று குழம்பும்போது பெரும்பாலும் நாம் செய்யாத ஒரு வேலை, அந்தப் புத்தகத்தைத் திறந்து படிப்பது. அட்டையைப் பார்த்தே உருகுகிறோம், அட்டையைப் பார்த்தே எடைக்கும் போடுகிறோம். நான் மறுபடி படிக்க ஆரம்பித்தேன். ஏழு பாகங்களும் முடிய இரண்டு மாதம் ஆனது. அம்மா பொறுத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது. 'படிச்சு முடிச்சியா இல்லியாடி?' என்பது தினசரி விசாரிப்பு.

(இன்னும் படிக்காதவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிவிடலாம். முடிவைச் சொல்லப் போகிறேன்.)

சிறுவயதில் அதை நல்லவன், கெட்டவன் சண்டையாகத்தான் படித்தேன். இப்போது பார்த்தால், ஏழு பாகங்களும் பொருள்களைப் பற்றிய கதையாகவே தெரிகின்றன. வில்லன் வால்டமார்ட் சாவுக்குப் பயந்து தன் ஆன்மாவைத் துண்டு துண்டாக்கிப் பொருள்களில் ஒளித்து வைக்கிறான். எந்தப் பொருள்களில்? பள்ளிக்கூட நாள் டைரி. தாய்வழிக் குடும்பத்து மோதிரம். வறுமையில் அம்மா விற்றுவிட்ட லாக்கெட். ஏதோ கல்லிலோ குச்சியிலோ அவன் ஒளிக்கவில்லை. நாம் பரணில் பூட்டி வைப்பது போன்ற பொருள்களாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறான். அவற்றை இழந்தால் அவன் இல்லை.

அந்த மோதிரத்தில் பதித்த கல்தான் இறந்தவர்களை நிழல்போல் கண்முன் கொண்டுவரும் மந்திரக்கல். ஞானி என்று எல்லோரும் கொண்டாடும் டம்பிள்டோர்கூட அதைப் பார்த்ததும் தடுமாறுகிறார். இறந்துபோன தன் குடும்பத்தை ஒருமுறை பார்த்துவிடலாம் என்ற ஆசையில் மோதிரத்தை விரலில் மாட்டுகிறார். சாபம் ஏறிக் கை கருகிப்போகிறது. பதினான்கு வயதில் இந்த இடத்தை 'இவ்வளவு பெரிய ஆள் இப்படிச் செய்யலாமா?' என்று எரிச்சலோடு கடந்திருக்கிறேன். தாத்தா இறந்த வருஷத்தில் படித்தபோது, அந்தக் கருகிய கைமேல் எனக்குக் கோபம் வரவில்லை.

கடைசியில் அந்தக் கல் ஹாரியிடம் வருகிறது. அவனும் பயன்படுத்துகிறான். அப்பா, அம்மா, நெருங்கியவர்கள் எல்லோரும் கூடவே நடந்து வருகிறார்கள். காட்டுக்குள் கல் அவன் விரல்களிலிருந்து நழுவி விழுகிறது. பிற்பாடு, அதைத் தேடிப் போவதில்லை என்று முடிவெடுக்கிறான். எல்லோரும் ஆசைப்படும் மந்திரக்கோலை, எடுத்த கல்லறையிலேயே திருப்பி வைத்துவிடுகிறான். அப்பாவிடமிருந்து வந்த மாயப்போர்வையை மட்டும் தனக்கென்று வைத்துக்கொள்கிறான். மூன்று பொருள்களுக்கு மூன்று விதமான முடிவு. 'எல்லாவற்றையும் விடு' என்றும் சொல்லவில்லை, 'எல்லாவற்றையும் வை' என்றும் சொல்லவில்லை. வீட்டைக் காலி செய்பவர்களுக்கு இதைவிட நடைமுறையான யோசனை எந்தச் சுயமுன்னேற்றப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரே கதையை மறுபடி படிப்பது வெறும் பழைய நினைவு மயக்கம் இல்லை என்று 2012-ல் கிறிஸ்டல் ரஸ்ஸல், சிட்னி லெவி என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும், படித்ததையே படிப்பவர்கள், பார்த்த படத்தையே பார்ப்பவர்கள், போன ஊருக்கே போகிறவர்கள் என்று 23 பேரைச் சந்தித்துப் பேசினார்கள். கதை மாறுவதில்லை, படிப்பவர் மாறியிருக்கிறார், எவ்வளவு மாறியிருக்கிறோம் என்று அளந்து பார்க்கவே பலர் திரும்பிப் போகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களில் சாருமானாக நடித்த கிறிஸ்டோபர் லீ, அந்த நாவலை வருஷத்துக்கு ஒருமுறை படிப்பதாகப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவருக்கு வேறு வேலை இல்லை என்று சொல்லிவிட முடியாது, 200-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர்.

'எழுதியவர்' என்ற இடத்தில் ஒரு வெற்றிடம்

பெட்டியின் அடியில் இருந்தது தாத்தாவின் சொத்து. பழுப்புத்தாள் அட்டை போட்டுச் சணல் நூலால் தைத்த கட்டுகள். அம்புலிமாமாவில் மாதாமாதம் வந்த தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்தெடுத்து, கதை முடிந்ததும் சேர்த்துத் தைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் பல வீடுகளில் இருந்த பழக்கம்தான் இது. வாரப் பத்திரிகைத் தொடர்களை இப்படி பைண்ட் செய்து வைத்திருக்கும் பாட்டிகள் நம் வாசகர்களிலேயே நிறைய பேர் இருப்பீர்கள்.

1947 ஜூலையில் சென்னையில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை அது. தெலுங்கில் சந்தமாமா, நமக்கு அம்புலிமாமா. விக்கிரமாதித்தன் தோளில் வேதாளம் தொங்கும் அந்தப் பிரபலமான படத்தை வரைந்த ஓவியர் சங்கர் 2020-ல் காலமானபோது, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அன்று முழுக்க அதே பேச்சு. ஆனால், தாத்தா சேர்த்தது வேதாளக் கதைகளை அல்ல. மந்திரவாதிகளும் ராட்சதர்களும் பாதாளக் கோட்டைகளும் வரும் நீண்ட தொடர்களை. இன்றைக்கு எழுதினால் ஃபேன்டஸி நாவல் என்று தனி அலமாரியில் வைப்பார்கள்.

ஒவ்வொரு கட்டின் முதல் பக்கத்திலும் தாத்தா நீல மையில் கதையின் பெயரை எழுதியிருக்கிறார். அதன் கீழே, 'படம்: சித்ரா'. அதற்கும் கீழே, 'எழுதியவர்:' என்று போட்டு, மிச்சத்தைக் காலியாக விட்டிருக்கிறார். பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். எந்த மாதப் பக்கத்திலும் எழுத்தாளர் பெயர் அச்சாகவில்லை. தெரிந்ததும் எழுதிக்கொள்ளலாம் என்று இடம் விட்டிருக்கிறார் போல. நாற்பது வருஷத்துக்கும் மேலாக அந்த இடம் அப்படியே இருந்திருக்கிறது.

பெயரைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை போதுமானதாக இருந்தது. தாசரி சுப்ரமணியம். 1952-ல் சந்தமாமா ஆசிரியர் குழுவில் சேர்ந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே வேலை பார்த்தவர். 'பாதாள துர்கம்', 'மாயா சரோவரம்' உட்பட அந்தப் பத்திரிகையின் புகழ்பெற்ற மாயாஜாலத் தொடர்களைத் தெலுங்கில் எழுதியவர் அவர்தான். அங்கிருந்துதான் தமிழுக்கும் மற்ற மொழிகளுக்கும் அவை போயின. 2010-ல் காலமானார். ஹாரி பாட்டர் என்றதும் எழுதியவர் பெயரைச் சேர்த்துச் சொல்லத் தெரிந்த எனக்கு, என் தாத்தாவைக் கட்டிப்போட்ட எழுத்தாளரின் பெயர் அன்றைக்குத்தான் தெரியும். பாட்டியிடம் சொன்னேன். 'இவரைத்தான் அவர் தேடிண்டு இருந்தாரா' என்று கேட்டு, அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். காலி இடத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.

இந்தக் கட்டுகள் எடைக்குப் போவதாக இல்லை. இதில் எனக்குக் குழப்பமே வரவில்லை. அம்புலிமாமா பழைய இதழ்கள் பல இணையத்தில் ஸ்கேனாகக் கிடைக்கின்றன, உண்மைதான். ஆனால் இப்படி ஒரு வாசகர் கிழித்து, அடுக்கி, தைத்து, தானே ஒரு முதல் பக்கம் எழுதிச் சேர்த்த புத்தகம் உலகத்தில் ஒன்றுதான்.

காரைக்குடி பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் என்று மற்றவர்கள் கழித்துப் போட்டதையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவர். 1992-ல் அவர் மறைந்த பிறகு அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, தமிழ்நாட்டை விட்டுப் போகாமல் சென்னையிலேயே நூலகமாக்கியது. இன்று தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அதுதான். தமிழ் அச்சு வரலாற்றைப் பற்றி எழுத வருகிறவர்கள் அங்கே போகாமல் எழுத முடியாது. எதையும் தூக்கிப்போடாதவர்களைக் கிண்டல் செய்யும்போது அவரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நல்லது.

அதற்காக எல்லோர் வீட்டுப் பரணும் ஆராய்ச்சி நூலகம் ஆகாது. அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

கொடுக்க மனசு வராவிட்டால்...

முதலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இது வெறும் ஆறுதல் அல்ல. அமெரிக்காவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழக விடுதிகளில் நடந்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது. சில விடுதிகளில், 'நினைவுப் பொருள்களைப் படம் எடுத்துக்கொண்டு தானம் கொடுங்கள்' என்று அறிவிப்பு வைத்தார்கள். மற்ற விடுதிகளில் வெறுமனே 'தானம் கொடுங்கள்' என்றார்கள். படம் எடுக்கச் சொன்ன இடங்களில் 613 பொருள்கள் வந்தன, மற்றவற்றில் 533. புத்தகம் என்றால் அட்டையைவிட, உள்ளே பெயர் எழுதிய பக்கம், பரிசளித்தவர் கையெழுத்து, மஞ்சள் கறை படிந்த பக்கம் இவற்றை எடுங்கள். அட்டைப்படம் இணையத்தில் எப்போதும் கிடைக்கும்.

நன்றாக இருக்கும் கதைப் புத்தகங்களைப் பக்கத்திலுள்ள கிளை நூலகத்திலோ அரசுப் பள்ளியிலோ கேட்டுக் கொடுக்கலாம். கேட்காமல் மூட்டையாகக் கொண்டு போய் இறக்குவது அவர்களுக்கும் தொல்லை. 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைவாசிகளுக்காகப் புத்தகம் வாங்கிக்கொள்ளத் தனி அரங்கே போட்டிருந்தார்கள். உங்கள் ஊர்ப் புத்தகக் காட்சியிலும் அப்படி உண்டா என்று விசாரியுங்கள். பழைய பத்திரிகைக் கட்டுகள், பைண்ட் செய்த தொடர்கள் இருந்தால் எடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்பு ஓர் ஆராய்ச்சி நூலகத்துக்குப் போன் செய்து, என்ன இதழ், எந்த வருஷம் என்று சொல்லிப் பாருங்கள். அவர்களிடம் இல்லாதது உங்களிடம் இருக்கலாம்.

வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தால், ஒழுங்காக வையுங்கள். பழைய பத்திரிகைத் தாளில் அமிலம் இருக்கும். வெயிலும் சூடும் பட்டால் பழுத்து, அப்பளம் மாதிரி நொறுங்கும். பிளாஸ்டிக் கவரில் இறுகக் கட்டினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்களை மெதுவாகக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் துரு தாளைத் தின்றுவிடும். கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டாதீர்கள், சில வருஷத்தில் அந்தப் பசையே கறையாகிவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ராமபாணப் பூச்சிக்கு அந்தக் காலத்தில் ஏட்டுச்சுவடிகளுக்கு வைத்த வசம்பை இன்றும் துணியில் முடிந்து வைக்கலாம். பரணைவிடப் பீரோவின் நடுத்தட்டு நல்லது. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை வெளியே எடுத்து, நிழலில் காற்றாட வைத்துப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள்.