மலையில் நிறுத்திய பழைய கார் மறுபடி எடுக்கவில்லையா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வழக்கமான சாலையில் போனால் 20 கொண்டை ஊசி வளைவுகள். நெரிசல் வேண்டாம் என்பவர்களும், மழையில் மண் சரிந்து அந்தச் சாலை அடைபடும்போது மற்றவர்களும், அயோத்தியாப்பட்டணம் தாண்டி குப்பனூர் வழியாக ஏறுகிறார்கள். உங்களிடம் இருப்பது பழைய மாருதி 800, ஆம்னி அல்லது அம்பாசிடர் என்றால், இந்த ஏற்றத்தில் ஒரு தொல்லை வரலாம். டீ குடிக்க நிறுத்துகிறீர்கள். பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் வண்டி எடுக்காது. அரை மணி நேரம் போனதும் தானாகவே எடுத்துவிடும். மெக்கானிக் முன்னால் நிறுத்தினாலோ, முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகும்.

இப்படி வந்து வந்து போகும் கோளாறை எப்படிப் பிடிப்பது? அது வந்திருக்கும்போதே பார்த்தால்தான் உண்டு. நன்றாக ஓடும் வண்டியில் எந்தப் பாகத்தைச் சோதித்தாலும் சரியாகத்தான் இருக்கும். பேட்டரி, பிளக், செல்ஃப் மோட்டார் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தைக் கரைத்தவர்கள் பலர். வண்டி மறுக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் காரணம் தெரியும். எரிச்சலில் அதை வீணாக்காதீர்கள்.

முதலில் என்ன செய்ய வேண்டும்? காதைக் கொடுத்துக் கேளுங்கள். சாவியைத் திருப்பினால் என்ஜின் சுழல்கிறதா? சுழலவே இல்லை என்றால் கோளாறு மின்சாரப் பாதையில். நன்றாகச் சுழன்றும் பற்றவில்லை என்றால் பெட்ரோலிலோ தீப்பொறியிலோ. இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

சுழலவில்லை, ‘டிக்’ என்ற சத்தம் மட்டும், அல்லது அதுவும் இல்லை. அப்போது? ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். வெளிச்சம் சட்டென்று மங்கினால் பேட்டரி தளர்ந்திருக்கலாம். அல்லது அதன் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப் பிடிப்பு விட்டிருக்கலாம். வெளிச்சம் கொஞ்சமும் குறையவில்லை என்றால், செல்ஃப் மோட்டார் வழியாகக் கரண்ட் ஓடவில்லை என்று பொருள். அப்போது சந்தேகப்பட வேண்டியது சாவி சுவிட்சையும், சோலினாய்டையும் (சாவியைத் திருப்பியதும் செல்ஃப் மோட்டாருக்குப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்), செல்ஃப் மோட்டாருக்குள் தேய்ந்த கார்பன் பிரஷ்ஷையும்.

மல்டிமீட்டர் (மின்னழுத்தம் அளக்கும் கருவி) ஒன்று வண்டியில் இருக்கட்டும். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சோதிக்க வேண்டிய நேரம்.

அடுத்தது பலரும் செய்யாமல் விடும் சோதனை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும், இன்னொன்றை என்ஜினின் சுத்தமான இரும்பிலும் வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் (பேட்டரியின் நெகட்டிவை என்ஜினோடு இணைக்கும் வயர்) சரியில்லை. அதன் போல்ட்டைக் கழற்றி, துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கிப் பாருங்கள். பழைய வண்டிகளில் இதற்கே சரியாகிவிடுவது நான் அடிக்கடி பார்ப்பது.

குளிர்ந்ததும் எடுத்துவிடுகிறதே, ஏன்? ஏற்றத்தில் இரண்டாவது கியரில் இழுத்து வந்த என்ஜினை அணைத்ததும் தண்ணீர் ஓட்டமும் காற்றும் நின்றுவிடும். உள்ளே இருந்த சூடு அக்கம்பக்கத்துப் பாகங்களுக்குப் பரவும். அணைத்த பிறகுதான் அவை இன்னும் சூடாகின்றன. செம்புக் கம்பி 60 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அதன் மின்தடை ஏறக்குறைய கால் பங்கு கூடும். தேய்ந்த சாவி சுவிட்சும் சேர்ந்துகொண்டால் சோலினாய்டுக்குப் போதுமான கரண்ட் வராது. சோலினாய்டுக்கு பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் தரும்படி ஒரு ரிலேயை எலக்ட்ரீஷியன் இணைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

என்ஜின் சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை என்றால்? கார்புரேட்டர் வண்டியில் சூட்டினால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி, பம்ப்பால் இழுக்க முடியாமல் போகும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. அதனால் பெட்ரோல் இன்னும் எளிதாக ஆவியாகும். அம்பாசிடர் ஓட்டுநர்கள் பெட்ரோல் பம்ப்பின்மேல் ஈரத்துணி போட்டது இதற்காகத்தான். இன்றும் அது பலிக்கும். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால், பழைய ரப்பர் குழாய்களில் வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் அளவுக்கு மீறிப் பெட்ரோல் போயிருக்கிறது. எங்கும் கசியவில்லை என்று பார்த்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடியே, விட்டுவிட்டு மிதிக்காமல், செல்ஃப் அடியுங்கள். பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்க வேண்டாம். அரை நிமிடமாவது இடைவெளி கொடுங்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியைப் போட்டதும் பின்பக்கம் பெட்ரோல் பம்ப் ஓரிரு விநாடி முனகும். முனகல் இல்லை என்றால் ஃபியூஸையும் பம்ப் ரிலேயையும் பாருங்கள். முனகல் இருந்தும் சூட்டில் மட்டும் எடுக்கவில்லை என்றால், இக்னிஷன் காயிலையும் கிராங்க் சென்சாரையும் (என்ஜின் சுழற்சியைக் கணினிக்குச் சொல்லும் உணரி) சோதிக்கச் சொல்லுங்கள்.

ஏற்காட்டில் இரவு தங்கி, பனிமூட்டமான காலையில் மட்டும் எடுக்கவில்லை என்றால் அது வேறு கதை. டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்) மூடிக்குள்ளும் பிளக் வயர்களிலும் ஈரம் இறங்கியிருக்கும். சாவியை எடுத்துவிட்டு மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடையுங்கள்.

இறக்கத்தில் அப்படியே உருட்டி ஸ்டார்ட் செய்யலாமா? மலைப்பாதையில் வேண்டவே வேண்டாம். பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் என்ஜின் ஓடாதபோது இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். சாவியை உருவினால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளும். ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். அதற்குள், வண்டி எவ்வளவு தூரம் ஏறியது, அணைத்து எத்தனை நிமிடம் ஆனது, விளக்கு மங்கியதா என்பதை எழுதிவைத்து, செல்ஃப் சத்தத்தையும் போனில் பதிவு செய்யுங்கள்.

மெக்கானிக்கிடம் ஆறிய வண்டியைக் கொண்டுபோகாதீர்கள். கொஞ்ச தூரம் நன்றாக ஓட்டிச் சூடாக்கி, அவர் வாசலில் அணைத்து, பத்து நிமிடம் கழித்து அவரையே சாவியைத் திருப்பச் சொல்லுங்கள்.