உங்களுக்குத் தெரியுமா? ஒரு சாவி, ஒரு கணினி!

காசு கொடுத்து வாங்கினாலும் விண்டோஸ் நமக்குச் சொந்தமாகிவிடாது. நாம் வாங்குவது அதைப் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. 25 எழுத்தும் எண்ணும் கலந்த அந்த உரிமத்தின் சாவி, ஒரு நேரத்தில் ஒரு கணினிக்குத்தான் செல்லும்.

◆ புது லேப்டாப்பிலேயே பதிந்து வருவது ‘ஓஇஎம்’ உரிமம். மைக்ரோசாஃப்ட் விதிப்படி, அது அந்த இயந்திரத்தோடு பிறந்து அதோடே முடியும். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபின் இந்தச் சாவி மதர்போர்டு சிப்பிலேயே பதிக்கப்படுகிறது. லேப்டாப்பின் அடியில் சாவி ஸ்டிக்கர் காணாமல் போனது அதனால்தான்!

◆ தனியாக வாங்கும் ‘ரீடெயில்’ உரிமத்தை, பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

◆ விண்டோஸுக்கு மாற்று இயங்குதளமான உபுண்டு லினக்ஸுக்கோ சாவியே கிடையாது. ஒரே பென் டிரைவிலிருந்து தெரு முழுக்க உள்ள கணினிகளில் நிறுவினாலும் சட்டப்படி சரியே!